சனிக்கிழமை ஒன்பது மணிச் செய்தி

உதயகுமாரி நோர்வேக்கு வந்து இருபத்தாறு வருடங்கள். முதல் ஐந்து வருடமும் வடக்கே ஒரு கடற்கரை ஊரில், மீன் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, மொழி படித்து, பராமரிப்பு உதவியாளருக்கான சோதனை எழுதி, மாநகரசபையில் வேலை எடுத்தாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, கால் வீங்காமல் இறுக்கமான காலுறை மாட்டிவிடுகிற வேலை. நகரின் ஓரத்தில், ரொம்மனில், இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயது. கலியாணம் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று ஒஸ்லோத் தமிழர்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். அண்ணா வரட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தா, அண்ணா வரவில்லை, வயது போய்விட்டது. இதை அவள் முறைப்பாடு போலச் சொல்வதில்லை. பஸ் தவறிவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொல்வாள்.

அண்ணாவின் பெயர் குகநேசன். பருத்தித்துறைக்குப் பக்கத்து ஊர். அப்பா ஏற்கெனவே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா விமலாதேவி தையல் தைத்து இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தா. எண்பத்தேழாம் ஆண்டு வைகாசி மாதத்தில் வடமராட்சிப் பகுதி முழுவதையும் ஆமி சுற்றி வளைத்தது. வீடுகளில் இருந்த இளம் ஆண்களையெல்லாம் கூப்பிட்டு, கடற்கரைக்கு நடத்திக்கொண்டுபோய், கப்பலில் ஏற்றித் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குகநேசனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவன் பல்லு விளக்கிக்கொண்டிருந்தவன். வாயைக் கொப்பளித்துவிட்டு வாறேன் என்று சொன்னான், விடவில்லை. உதயகுமாரிக்குப் பதினைந்து வயது. கிணற்றடியில் நின்று பார்த்தாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டா. தேத்தண்ணியும் வேண்டாம் என்றா. பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவ, அப்படியே கிடந்தா. அயலட்டைச் சனம் வந்து பார்த்துவிட்டு, இது இனி எழும்பாது என்று வெளியில் நின்று கதைத்தது.

ஆடி மாதத் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் இரத்தினவேல். குகநேசனுடைய வகுப்புத் தோழன், நாலு வீடு தள்ளி இருந்தவன், எண்பத்தைந்தில் லண்டனுக்குப் படிக்கப் போனவன். நீல நிற விமானக் கடிதத் தாளில் அரைப்பக்கம்தான் எழுதியிருந்தான்.

"மாமி, இன்று சனிக்கிழமை. இங்கே காலமை முழுக்க ரீவியில் இராணியின் பிறந்தநாள் அணிவகுப்பு. இரவு ஒன்பது மணிச் செய்தியில் எங்கள் நாட்டைக் காட்டினார்கள். பிடித்துக்கொண்டுபோன பொடியளை ஒரு லொறியில் இருத்தி வைத்திருந்தார்கள். அதில் குகன் இருந்தான். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். கமராவைப் பார்த்தான். நான் என் கண்ணால் கண்டேன். அவன் உயிரோடு இருக்கிறான். நீங்கள் சாப்பிடுங்கோ."

அம்மா எழும்பி இருந்து கஞ்சி குடித்தா. அந்தக் கடிதத்தை உதயகுமாரி எத்தனை தரம் வாசித்துக் காட்டினாள் என்று கணக்கில்லை. கமராவைப் பார்த்தான் என்ற இடம் வரும்போதெல்லாம் அம்மா அவளை நிறுத்தி, திரும்ப ஒருக்கால் வாசி என்பா.

ஆவணியில் முகாமிலிருந்து கொஞ்சப் பேரை விடுதலை செய்தார்கள். அதில் ஒருவன், கரையோரத்துப் பெடியன், இவர்கள் வீட்டைத் தேடி வந்தான். முற்றத்தில் நின்றபடியே கதைத்தான். குகநேசன் கப்பலில் ஏறவே இல்லை என்றான். முதல் நாளே, கடற்கரையில் வரிசையில் நின்றபோது என்று தொடங்கினான். அம்மா அவனை முடிக்க விடவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தா. நீ பொய் சொல்லுறாய், என்ரை பிள்ளையை லண்டனிலையே கண்டிருக்கினம், எழும்பிப் போ என்றா. அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து அவனும் வேறொரு சண்டையில் செத்துப்போனான். அவன் சொல்ல வந்த மீதி என்னவென்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு விமலாதேவி இருபத்து நாலு வருடம் இருந்தா. அந்தக் கடிதத்தோடு அவ போகாத முகாம் இல்லை, நிற்காத அரசாங்கக் கந்தோர் வாசல் இல்லை. மடித்து மடித்துத் தாளின் மடிப்புகள் அறுந்தன. திகதி எழுதியிருந்த மூலை தேய்ந்து இல்லாமல் போனது. மகளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களை, தமையன் வந்து முன்னின்று செய்யட்டும் என்று தள்ளிப் போட்டா. உதயகுமாரி ஒஸ்லோவில் நிரந்தர வேலை எடுத்து, அம்மாவைக் கூப்பிட எல்லா அலுவலும் பார்த்து, அனுமதியும் கிடைத்தது. அம்மா வரவில்லை. நான் வந்தால் அவன் வந்து ஆரைத் தேடுவான் என்று தொலைபேசியில் கேட்டா. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, அந்த வீட்டிலேயே, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் காலமானா. உதயகுமாரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள். கொள்ளி வைத்தது தூரத்து உறவில் ஒரு பையன். குகநேசனுக்கு மட்டும் ஒரு சடங்கும் நடக்கவில்லை. உயிரோடிருக்கிறவனுக்கு யார் செய்வார்கள்?

போன வருடம் இலையுதிர் காலத்தில் உதயகுமாரிக்கு ஒரு படிவம் வந்தது. காணாமல் போனவர்களின் விபரங்களைத் திரட்டும் அமைப்பொன்று தமிழில் அனுப்பியிருந்தது. பெயர், பிறந்த திகதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதினாள். கடைசியாக அவரைக் கண்டவர் யார், எந்தத் திகதி, எந்த இடம் என்ற கேள்வியில் பேனா நின்றது. இடத்தில் லண்டன் ரீவி என்று எழுத முடியுமா? திகதி என்ன?

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு எண்ணம் வந்தது. ரீவியில் காட்டியிருந்தால் அந்தப் படம் எங்கேயாவது இருக்க வேண்டும். அண்ணாவின் படம் என்று அவளிடம் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம்தான். அதில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறான். அண்ணா தலையைத் திருப்புவதைத் திரும்ப ஒருக்கால் பார்க்கலாம் என்று முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு வேறொன்றிலும் மனம் நிற்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்து ஸ்டொவ்னர் நூலகத்தில் யூலியா என்று ஒரு நோர்வேஜியப் பெண் வேலை செய்கிறாள். உதயகுமாரி மொழிச் சோதனைக்குப் படித்த காலத்திலிருந்து பழக்கம். அவளிடம் போய், லண்டன் ரீவியில் முன்பு போன ஒரு செய்தியை எப்படித் தேடுவது என்று கேட்டாள். யாரைத் தேடுகிறாள் என்பதையும் சொன்னாள். யூலியா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

பிபிசி தன்னுடைய பழைய நிகழ்ச்சி நிரல்களை, கிழமை தோறும் வந்த சஞ்சிகையில் அச்சடித்தபடியே, நாள் நாளாக இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஆண்டைத் தட்டினால் மாதம் வரும், மாதத்தைத் தட்டினால் நாள் வரும். கடிதத்தில் திகதி அழிந்திருந்தாலும் இராணியின் அணிவகுப்பு அழியவில்லை. அது வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை. ஐந்து நிமிடத்தில் யூலியா அந்த நாளைக் கண்டுபிடித்துத் திரையில் கொண்டுவந்துவிட்டாள். யூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை.

அந்த நாள் முழுவதும் உதயகுமாரியின் முன்னால் வரிவரியாக நின்றது. காலையில் சிறுவர்களுக்கான கேலிச்சித்திரங்கள். பிறகு குதிரைகளும் சிவப்புச் சட்டைக்காரரும் நடந்த அணிவகுப்பு, கடிதத்தில் இருந்தது போலவே. மத்தியானம் தொடங்கிப் பின்னேரம் வரை விளையாட்டு. ஐந்து மணியளவில் சின்னதாக ஒரு செய்தி, அதன் பின்னால் காலநிலை. பிறகு பரிசுப் போட்டி, பகிடி நாடகம், பாட்டுக்காரர்கள். இரண்டாவது அலைவரிசையில் காலையில் கணிதப் பாடம், மத்தியானம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நள்ளிரவு தாண்டி எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு.

அவள் இங்கிலிஷை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. விளங்காத இடத்தில் யூலியாவைக் கேட்டாள். அந்தச் சனிக்கிழமை அம்மா பாயில் கிடந்தா. ஊரில் கரன்ட் இல்லை. மாமரத்தில் ஷெல் பட்டுப் பாதிக் கொப்பு கிணற்றுக்குள் விழுந்திருந்தது. லண்டனில் ஒரு பெண் பரிசுப் போட்டியில் சலவை இயந்திரம் வென்றிருப்பாள். அதில் உதயகுமாரிக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. அந்த வரிகளுக்கு இடையில் எங்கேயோ அண்ணா இருக்கிறான் என்பதால் அந்த நாள் முழுவதுமே அவளுக்குச் சொந்தமான நாள் போலிருந்தது.

ஒன்பது மணிக்கு வந்தபோது அங்கே செய்தி இல்லை. ஒரு படம் போய்க்கொண்டிருந்தது.

யூலியா முன்பின் நாட்களைத் திறந்து பார்த்தாள். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குச் செய்தி. சனிக்கிழமைகளில் மட்டும் இல்லை. சனியில் படம் முடிந்தபிறகு, பத்து மணியை ஒட்டி, கால்மணி நேரச் செய்தி ஒன்று இருந்தது. அப்படியென்றால் அதுதான் என்றாள் உதயகுமாரி. இரத்தினவேல் அண்ணை அவசரத்தில் நேரத்தை மாற்றி எழுதியிருப்பார். யூலியா அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதென்றால் எந்தச் செய்தி, எத்தனை மணி என்று சரியாகக் குறிப்பிட வேண்டும், கண்டவரை ஒருக்கால் கேட்டுவிடு என்று மட்டும் சொன்னாள்.

கண்டவர் தூரத்தில் இல்லை. இரத்தினவேல் தொண்ணூறுகளில் கலியாணம் செய்து நோர்வேக்கு வந்து, பேர்கனில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். இப்போது இதய வருத்தத்தால் வேலையை விட்டுவிட்டார். இரண்டாயிரத்து ஓராம் ஆண்டில் ஒஸ்லோவில் ஒரு கலியாண வீட்டில்தான் உதயகுமாரி அவரைத் திரும்பக் கண்டாள். அன்று மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், அண்ணாவைக் கண்டதைச் சொல்லுங்கோ என்று கேட்டாள். அவர் சொன்னார். பிறகு எப்போது சந்தித்தாலும் கேட்டாள், அவரும் சொன்னார். மெலிந்திருந்தான், ஆனால் காயம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு ஏதோ சொன்னான். ஒரு தரம், சிரித்தான் என்றும் சொன்னார். வருடத்தில் ஒருமுறையாவது அதைக் கேட்காவிட்டால் அவளுக்கு அந்த வருடம் குறைந்தது போலிருக்கும்.

தொலைபேசி எடுத்து, அது பத்து மணிச் செய்தியோ என்று கேட்டாள். அவர் உடனே ஓம் என்றார். பத்து மணிதான் என்று நினைக்கிறேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, ஒன்பதாகவும் இருக்கலாம் என்றார். பிறகு, இந்த வயதில் இதையெல்லாம் கிண்டி என்ன செய்யப்போகிறாய், விடு தங்கச்சி என்றார். அவருடைய குரல் களைத்திருந்தது. வருத்தக்காரனைத் தொலைபேசியில் கரைச்சல்படுத்தக் கூடாது, நேரே போவோம் என்று உதயகுமாரி நினைத்தாள். மாசி மாதத்தில் மூன்று நாள் லீவு எடுத்தாள். அவருடைய மனைவி அருள்நாயகிக்குப் பிடிக்குமென்று பயற்றம் பணியாரம் சுட்டாள். காலை ரயிலில் பேர்கனுக்குப் புறப்பட்டாள். அந்த ஏழு மணித்தியாலமும் தான் சந்தோசமாக இருந்ததாக அவள் பிறகு சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பேர்கனில் மழை. அருள்நாயகி இரவுக்கு இடியப்பம் அவிக்க மாக் குழைத்துக்கொண்டிருந்தா. வந்தவளைக் கட்டிப்பிடித்து, படுக்க அறை ஆயத்தமாக இருக்கிறது என்றா. இரத்தினவேல் சாய்மனை நாற்காலியில் இருந்தார். போன முறையைவிட மெலிந்திருந்தார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் உதயகுமாரி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழாக வாசித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு நிகழ்ச்சியாக.

"இவ்வளவும் அண்டைக்குப் போனதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. நீங்கள் எழுதின அணிவகுப்பும் இருக்குது. செய்தி மட்டும் ஒன்பது மணிக்கு இல்லை. சனிக்கிழமையில பத்து மணிக்குக் கிட்டத்தான். நீங்கள் அதைத்தான் ஒன்பது எண்டு எழுதிப்போட்டியள் போல."

அவர் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் அதை எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, படுத்திருப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாது உதயா. சனிக்கிழமையில எனக்குப் பின்னேரம் ரண்டு மணி துவங்கி வேலை. பெற்றோல் ஷெட்டிலை. லண்டனிலை இருந்த காலத்திலை ஒரு சனிக்கிழமை கூட நான் ரீவி பாக்கேல்லை."



"அப்ப அண்ணாவை எப்பிடிப் பாத்தனீங்கள்?"

"பாக்கேல்லை."

அருள்நாயகி சமையலறை வாசலில் வந்து நின்றா. கையில் மா இருந்தது.

இரத்தினவேல் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எண்பத்தாறில் குகநேசன் அவருக்குக் கடிதம் போட்டிருந்தான், லண்டனில் ஒரு கல்லூரியில் அனுமதி எடுத்து அனுப்பு, நானும் வந்துவிடுகிறேன் என்று. அவர் செய்கிறேன் என்று எழுதினார். கல்லூரிக்குப் போய்ப் படிவமும் வாங்கினார். அது மேசையில் ஐந்து மாதம் கிடந்தது. வேலை, படிப்பு, களைப்பு. நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. பிறகு ஊரில் ஆமி வந்தது. குகநேசனைப் பிடித்ததாக இரத்தினவேலின் அம்மா எழுதினா. விமலாதேவி பச்சைத் தண்ணி கூடக் குடிக்கிறா இல்லை, செத்துப்போவா போலிருக்கிறது, நீ லண்டனில் இருக்கிறாய், ஏதாவது கேள்விப்பட்டால் எழுது என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை வேலை இடத்தில் வைத்து வாசித்தார். விமானக் கடிதத் தாளும் அங்கேயே இருந்தது. வந்துபோன ஆட்கள் இராணியின் அணிவகுப்பைப் பற்றிக் கதைத்தார்கள், அதை எழுதினார். மற்ற நாட்களில், வீட்டுக்காரரின் அறை ரீவியில், ஒன்பது மணிக்குச் செய்தி போவது அவருக்குத் தெரியும். அதையும் எழுதினார். அதற்கு முன்னர் ஒரு நாள் உண்மையாகவே ஒரு கப்பலையும் கொஞ்சப் பெடியளையும் சில விநாடி காட்டினார்கள். தலைகள்தான் தெரிந்தன. ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

"ஒரு மாசத்துக்கு எண்டுதான் நினைச்சனான்," என்றார். "ஒரு மாசத்திலை அவன் வந்திடுவான். இல்லாட்டி ஏதாவது ஒரு செய்தி வரும். அதுவரைக்கும் மாமி சாப்பிடட்டும் எண்டு."

"செய்தி வந்தது அண்ணை. ஒரு பெடியன் கொண்டு வந்தவன். அம்மா உங்கடை கடிதத்தைக் காட்டித்தான் அவனைத் துரத்தினவா."

"தெரியும்."

"எப்ப துவங்கித் தெரியும்?"

அவர் தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எண்பத்தெட்டிலை. என்ரை அம்மா எழுதினவா."

எண்பத்தெட்டிலிருந்து இரண்டாயிரத்துப் பதினொன்று வரை எத்தனை வருடம் என்று உதயகுமாரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பிறகு, தனக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் நினைத்தாள் என்று நாங்கள் எண்ணுவோம். அவள் அதை நினைக்கவில்லை. வேறொன்றுதான் கேட்டாள்.

"சிரிச்சவர் எண்டு சொன்னனீங்கள்."

"நீ கேட்டாய்," என்றார் இரத்தினவேல். "ஒவ்வொரு முறையும் நீ அப்பிடி வந்து நிண்டு கேட்டாய். வெறுங்கையோடை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. சொல்லிச் சொல்லி, கடைசியிலை எனக்கே பாத்த மாதிரித்தான் இருந்தது. இந்தத் தாளை நீ கொண்டுவராட்டி நான் செத்திருப்பன், அதை நம்பிக்கொண்டே."

அவர் அழுதார். உதயகுமாரிக்கு அழுகை வரவில்லை. தொழிலில் அவள் எத்தனையோ கிழவர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறாள். கை தன்பாட்டில் அவர்களின் தோளுக்குப் போகும். இன்றைக்கு அது மடியிலேயே கிடந்தது. அருள்நாயகி வாசலில் நின்றபடி, இத்தனை வருடம் எனக்கும் சொல்லேல்லை என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னா.

உதயகுமாரி எழும்பிச் சப்பாத்தைப் போட்டாள். மழைக்குள் எங்கே போகப்போகிறாய், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அருள்நாயகி கையைப் பிடித்தா. மா அவளுடைய ஜக்கெற் கையில் ஒட்டியது. இல்லை அக்கா, என்னாலை இஞ்சை படுக்கேலாது என்று மட்டும் சொன்னாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தாள். காலை ரயிலில் திரும்பினாள். மலைக்கு மேல் எங்கும் பனி. எதிரில் இருந்த நோர்வேஜியக் கிழவி, உடம்பு சுகமில்லையா என்று கேட்டு ஒரு தோடம்பழம் கொடுத்தா. அதை உரிக்காமல் ஒஸ்லோ வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு கிழமை ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். யூலியாவைக் காண நேருமென்று நூலகப் பக்கம் போகாமல் விட்டாள். தனக்கு என்ன நடந்தது என்று யோசித்தால் ஒரு விசித்திரமான கணக்கு வந்தது. அண்ணா செத்தது எண்பத்தேழில். அவளுக்கு அவன் செத்தது இந்த மாசியில். இருபத்தொரு வயதுக்காரன் செத்ததற்கு ஐம்பத்து மூன்று வயதில் அழ வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள், வேலைக்குப் போகிற வழியில், ரி-பானே ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அழுகை வந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிலையம் வரை போய், திரும்பி வந்து, முதல் வீட்டுக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனாள். அங்கே இருந்த கிழவர் கோபத்தோடு பார்த்தார், அவளுடைய முகத்தைக் கண்டு பேசாமல் காலை நீட்டினார்.

எல்லாவற்றையும்விட அவளை வருத்தியது அம்மா அல்ல, அந்தக் கரையோரத்துப் பெடியன். முகாமில் அடிபட்டு வந்தவன், வீட்டுக்குப் போய் ஒரு கிழமை படுத்திருக்கலாம். சைக்கிள் எடுத்துக்கொண்டு, அறியாத ஒரு தாய்க்கு அறிவிக்க வந்தான். நல்ல மனம் உள்ளவன் அவன்தான். அவனைப் பொய்யன் என்று துரத்தினார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற உதயகுமாரியும் அன்றைக்கு அவனை வெறுத்தாள். அவனுடைய பெயரைக் கூட அவர்கள் கேட்டு வைக்கவில்லை.

படிவத்தில் கடைசியாகக் கண்டவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரை எழுதினாள். இடம்: வீட்டுக் கிணற்றடி. அனுப்பினாள்.

பிறகு கோயிலுக்குப் போய் ஐயரைக் கண்டாள். அண்ணாவுக்குக் கிரியை செய்ய வேண்டும் என்றாள். ஐயர் திதி கேட்டார். இறந்த நாள் தெரியாது என்றாள். ஐயர் பொறுமையானவர், பிடித்துக்கொண்டு போன நாளாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். அது நினைவிருந்தது. அதற்கு முந்தின நாள் அமாவாசை. அப்பாவுக்காக அண்ணா விரதம் இருந்து, காகத்துக்குச் சோறு வைத்தவன். அப்படியென்றால் வைகாசி வளர்பிறைப் பிரதமை என்று ஐயர் எழுதிக்கொண்டார். முப்பத்தொன்பது வருடம் பிந்திவிட்டது, குற்றம் இல்லையா என்று அவள் கேட்டாள். அறியாமல் விட்டதற்குக் குற்றம் இல்லை அம்மா என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, சாத்திரத்தில் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லப்படுகிற எதையும் அவளால் இப்போது நம்ப முடியவில்லை.

வைகாசிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அருள்நாயகி தொலைபேசி எடுத்தா. இவர் சாப்பாடு குறைத்துவிட்டார், ஆரோடும் கதைக்கிறார் இல்லை, நாள் முழுக்க யன்னலடியில் இருக்கிறார் என்று சொன்னா. கிரியைக்குத் தானும் வரலாமோ என்று கேட்கிறார், ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போய்விடுவார் என்றா. இதைக் கேட்க அவவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது உதயகுமாரிக்கு விளங்கியது.

"அவர் சாப்பிட வேணும் அக்கா. அதை நான் சொன்னதாச் சொல்லுங்கோ," என்றாள். "ஆனால் வரவேண்டாம்."

பிரதமை அன்று கோயிலில் ஆறு பேர்தான். அவளோடு வேலை செய்கிற இரண்டு தமிழ்ப் பெண்கள், ரொம்மன் அயலவர் இரண்டு பேர், ஐயர், அவள். எள்ளும் தண்ணியும் இறைக்கிற இடத்தில் ஐயர் இறந்தவரின் பெயரைச் சொல்லச் சொன்னார். குகநேசன் என்றாள். அந்தப் பெயருக்கு முன்னால் இறந்துபோன என்ற பொருளில் ஒரு சொல்லை ஐயர் சேர்த்துச் சொல்ல, அவளும் திரும்பச் சொன்னாள். பிறகு எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள். இரத்தினவேல் வரவில்லை. வாசல் பக்கம் தான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததை உதயகுமாரி கவனித்தாள். ஏன் பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு வேலை இருந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.